கால் நடுங்கினாலும் உதைக்கலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஆட்கள்தான் வேறு வேறு. பயிற்சியில் சரியாக வருவது முக்கியமான நாளில் வருவதில்லை என்று மைதானத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வார்டிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வயது 19, உப்புவெளி. பயிற்சியில் பத்து பெனால்டி அடித்தால் எட்டு, ஒன்பது உள்ளே போகும். மட்ச்சில் கால் நடுங்குகிறது, கடைசியாக அடித்த இரண்டும் வெளியே. நம்பிக்கையைக் கூட்டுவது எப்படி?

தம்பி, நம்பிக்கையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பந்து வைக்கும் புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர், அது பயிற்சியிலும் மட்ச்சிலும் ஒன்றுதான். மாறுவது உங்கள் கவனம். பயிற்சியில் பந்தைப் பார்க்கிறீர்கள். மட்ச்சில் கோல் கீப்பர், கூட்டம், அப்புறம் 'போனமுறை மாதிரி வெளியே போய்விடக் கூடாது' என்ற நினைப்பு. இந்தக் கடைசி நினைப்புத்தான் ஆளைக் கெடுப்பது. டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே வேண்டாம் என்று சொல்லி உட்கார வைக்கப்பட்டவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப மனதில் வந்துகொண்டே இருந்தது. 'வெளியே அடிக்காதே' என்று உங்களுக்கே சொல்வதும் அதே வேலையைத்தான் செய்யும்.

நானும் ஏகாம்பரம் மைதானத்தில் ஒன்றைத் தவறவிட்டவன். விசில் சத்தம் முடிவதற்குள் ஓடிப்போய் அடித்தேன், பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டது. அந்த இடத்தில் நிற்பதே தாங்க முடியாமல், எப்படியாவது முடிந்தால் சரி என்று அடித்த அடி அது என்பது எனக்கு விளங்கப் பல வருடம் போனது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பந்தை இரண்டு கையாலும் வையுங்கள், காற்றடிக்கும் துளை எப்போதும் உங்கள் பக்கம் இருக்கட்டும். எண்ணி நாலு அடி பின்னால் போங்கள். விசில் ஊதினாலும் உடனே ஓட வேண்டாம். மூச்சை ஒருமுறை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடும் இதயத் துடிப்பு வெளியே விடும்போது குறையும், அந்த ஒரு மூச்சிலேயே தோள் இறங்குவதை உணர்வீர்கள். மூலையை ஒரு தடவை பாருங்கள், பிறகு பந்து மட்டும். இதை மட்ச்சில் மட்டும் செய்து பிரயோசனம் இல்லை, பயிற்சியில் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இதே வரிசைதான். பயிற்சி முடிந்து எல்லாரும் களைத்த பிறகு ஒரேயொரு பெனால்டி, தவறினால் முழு அணியும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று வையுங்கள். கால் நடுங்கும். நடுங்கட்டும், நடுங்கும் காலோடு அடித்துப் பழகத்தான் அது.

மகளுக்கு 13 வயது, 100 மீட்டர் ஓடுகிறாள். மாகாண மட்டப் போட்டி நாளில் காலையிலேயே வாந்தி எடுத்துவிடுகிறாள். நான் பக்கத்திலேயே இருந்து தைரியம் சொல்லியும் சரிவரவில்லை. (மூதூர்)

அக்கா, அந்தத் தைரியத்தை என்ன வார்த்தையில் சொல்கிறீர்கள் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள். 'நீ கட்டாயம் வெல்லுவாய்' என்பது பிள்ளைக்கு இன்னொரு சுமை. 'பயப்படாதே' என்றாலும் பயம் போகாது, பயப்படுவது பிழை என்ற எண்ணம்தான் கூடும். நெஞ்சு அடிப்பதும் வயிறு பிரட்டுவதும் உடம்பு ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் அடையாளம் என்று சொல்லிக் கொடுங்கள். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட பரிசோதனைகளில், பதற்றமான வேலைக்கு முன்னால் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைவிட 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். உங்கள் வீட்டில் அது 'எனக்கு ஓட ஆசையாக இருக்கு' என்று வந்தால் போதும்.

சாப்பாட்டை ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே முடியுங்கள், இரண்டு இடியப்பமும் ஒரு வாழைப்பழமும் போதும், அன்றைக்குப் பால் வேண்டாம். கச்சான் காற்று எதிரே அடிப்பதும் பக்கத்து லேனில் யார் நிற்கிறாள் என்பதும் அவள் கையில் இல்லை; தொடக்கக் கட்டையில் காலை வைப்பதும் முதல் மூன்று எட்டும் அவள் கையில் இருக்கிறது, பேச்சு அதைப் பற்றியே இருக்கட்டும். ஓடி முடிந்து வந்தவுடன் 'எத்தனையாம் இடம்' என்று கேட்காதீர்கள், தண்ணீர்ப் போத்தலைக் கொடுங்கள். போட்டியில்லாத நாளிலும் வாந்தி வந்தால் டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணை மூடிக் கிண்ணம் வாங்குவதை நினைத்துக்கொண்டால் வெல்லலாம் என்கிறார்களே?

கிண்ணத்தை நினைத்துப் பிரயோசனம் இல்லை, செய்யப்போகும் வேலையை நினையுங்கள், அதில் பிழைத்துப் போகக்கூடியதையும் சேர்த்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து சுவர் தெரியாமல் போனது. கை வீச்சை எண்ணியே நீந்தி, உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். பிழைகளையும் மனதில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துப் பழகியவர் அவர். நீங்கள் மார்கழி மழையில் நனைந்து வழுக்கும் பந்தை நினைத்துப் பழகலாம்.

நான் தாதி. தனியாக நின்றால் கனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) ஒரே குத்தில் ஏறும். டொக்டரோ சிஸ்டரோ பார்த்துக்கொண்டு நின்றால் கை நடுங்குகிறது.

தங்கச்சி, உங்கள் கைக்கு வேலை தெரியும். யாராவது பார்த்தவுடன் நீங்களும் சேர்ந்து உங்கள் கையைப் பார்க்கத் தொடங்குகிறீர்கள், அதுதான் சிக்கல். படியிறங்கும்போது எந்தக் கால் முன்னால் என்று யோசித்தால் தடுமாறுவோமே, அதேதான் இது. பார்வை நரம்பிலேயே இருக்கட்டும். முழங்கையைக் கட்டிலில் ஊன்றுங்கள். ஊசி ஏற்றும் நேரத்தில் நோயாளியோடு பேசுங்கள், 'ஐயா, சின்னதாய் ஒரு குத்து' என்று சொல்லும்போது மூச்சும் வெளியே போகும், உங்களையே கண்காணிக்கும் மனசுக்கும் வேறு வேலை கிடைக்கும். அப்புறம் நரம்பு நன்றாகத் தெரிகிற நோயாளி வரும்போது நீங்களாகவே சிஸ்டரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவை போனால் ஆள் நிற்பது பழகிவிடும்.

உயர்தரம், உயிரியல். வினாத்தாளைக் கண்டதும் படித்தது எல்லாம் மறந்துபோகிறது.

வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். பழைய பல்தேர்வுத் தாளில் 50 கேள்விக்கும் 2 மணித்தியாலம், போன் வேறு அறையில். 'தெரியாத கேள்வி வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவேன்' என்று இப்போதே முடிவெடுத்து வீட்டிலும் அப்படியே செய்யுங்கள், மண்டபத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம். குடித்த கஃபேனில் பாதி கழியவே சுமார் 5 மணித்தியாலம் ஆகும், படித்தது மனதில் நிலைப்பதற்கு நித்திரை வேண்டும்.

முழங்கால் காயம், நாலு மாதம். மைதானப் பக்கம் போகவே மனமில்லை, நித்திரை இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

தம்பி, இதற்கு நான் மூச்சுப் பயிற்சி சொல்லப் போவதில்லை. காலுக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி இதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இந்தக் கிழமையே போங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 1926க்கு அழையுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. தனியாகப் போகத் தயக்கமென்றால் கூட விளையாடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டால் வருவார்கள். போய் வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.