ரோமானியக் கல்லறைகளில் கிடைக்கும் பொருட்கள் தோண்டியெடுத்த பிறகு எங்கே போகின்றன?

பெரும்பாலும் கிடங்குக்குத்தான். மண்ணைத் துடைத்து, எண் போட்டு, படமெடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். காட்சிக்கு வருவது கொஞ்சம்தான். ஈரத்தில் கிடந்த மரம், தோல் என்றால் அவசரமாகக் காயவிடக் கூடாது, வெடித்துச் சுருங்கிவிடும்.

காட்சிக்கு வந்த அதிர்ஷ்டசாலிப் பொருள் ஒன்றைச் சொல்கிறேன். 1889-இல் ரோமில் நீதிமன்ற மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது க்ரெபெரேயா த்ரிஃபைனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. திறந்தால் உள்ளே தண்ணீர்! மண்டையோட்டில் படர்ந்திருந்த நீர்ச்செடி கூந்தல் மாதிரியே அலைந்ததாம். பார்த்தவர்கள் அரண்டுபோயிருப்பார்கள். நகைகளோடு ஒரு பொம்மையும் இருந்தது. முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். அந்தக் காலத்துப் பெண்களைப் போலவே கொண்டை. கறுத்துப்போயிருந்ததால் முதலில் மரம் என்றே நினைத்தார்கள், உண்மையில் தந்தம்.

இன்று அந்தப் பொம்மை ரோமின் சென்ட்ராலே மொன்தெமார்த்தினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒரு பழைய மின் நிலையம். சிலைகளுக்குப் பின்னால் ராட்சத எஞ்சின்கள் நிற்கும்.

அப்புறம், கண்டெடுத்தவரே வைத்துக்கொள்ளலாமா என்றால், இத்தாலியில் முடியாது. மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். முறையாகத் தெரிவித்தவருக்கு வெகுமதி உண்டு.