எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ்: முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கம்பெனி மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 38, நார்மல்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. மருந்து தேவையா? (ஓசூர்)

ஒரே சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. 6 மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால்தான் அது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. ரத்ததான முகாமிலோ ஆபரேஷனுக்கு முன்போ எடுத்த பழைய சீட்டு பாசிட்டிவாக இருந்தால் கொண்டுபோங்கள், காத்திருப்பு மிச்சமாகும். லேப் சீட்டில் மேல் எல்லை 40 என்று இருக்கலாம். கல்லீரல் மருத்துவத்தில் ஆணுக்கு 35, பெண்ணுக்கு 25 என்று கணக்கிடுவது உண்டு. ஆக உங்கள் 38 கொஞ்சம் கூடுதல். அதுவும் ஏறி இறங்கும் என்பதால் 3 முதல் 6 மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் எச்பிஇஏஜி (வைரஸ் பெருகுவதன் அடையாளம்), வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு), பிளேட்லெட், அல்புமின், பிலிருபின், பிடி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரம்), கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் எல்லாம் வேண்டும். கிரியேட்டினின் எதற்கு? ஹெபடைடிஸ் பி மாத்திரையான டெனோஃபோவிர் தருவதாக இருந்தால் சிறுநீரக நிலை தெரிய வேண்டும். எச்ஐவி பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்: எச்ஐவி இருப்பது தெரியாமல் டெனோஃபோவிர் மட்டும் தின்றால் அந்த வைரஸ் மருந்துக்கு மசியாமல் போய்விடலாம். வீட்டில் யாருக்காவது கல்லீரல் புற்று இருந்ததா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் நார்மல். ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளப்பது) எதற்கு? (பாலக்கோடு)

சாதா ஸ்கேனில் கல்லீரலின் ஆரம்பத் தழும்பு தெரியாது. கையில் இருக்கும் சீட்டிலேயே தழும்பை ஊகிக்கும் 'ஏப்ரி' கணக்குப் போடலாம். எஸ்ஜிஓடியை (இன்னொரு கல்லீரல் நொதி) லேபின் மேல் எல்லையால் வகுங்கள். வந்ததை லட்சத்தில் உள்ள பிளேட்லெட்டால் வகுங்கள். எஸ்ஜிஓடி 60, எல்லை 40, பிளேட்லெட் 1.2 லட்சம் என்றால் 1.5 ÷ 1.2 = 1.25. ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 0.5க்கு மேல் கணிசமான தழும்பு, 1க்கு மேல் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறுவது) சந்தேகம். டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

ஃபைப்ரோஸ்கேனுக்கு 3 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடிவிடும். எஸ்ஜிபிடி எகிறியிருக்கும் சமயத்திலும் அப்படித்தான். 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் சிரோசிஸ் என்று பார்ப்பார்கள்.

ஹெபடைடிஸ் சி-க்கு 12 வாரம் மாத்திரை முடித்தாயிற்று. இன்னும் ஆன்டிபாடி பாசிட்டிவ் வருகிறதே? (ஊத்தங்கரை)

வரத்தான் செய்யும். பெரும்பாலும் ஆயுசுக்கும் வரும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ (வைரஸின் மரபணு) இல்லை என்று வந்தால் குணம். இனிமேல் தொடங்குகிறவர்கள் முன்னதாக எச்பிஎஸ்ஏஜி பார்க்கட்டும். சி அடங்கும்போது உள்ளே கிடந்த பி தலைதூக்கலாம்.

கீழாநெல்லியும் பத்தியமும்? (பென்னாகரம்)

வைரஸை ஒழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. என்ன கலந்தது என்று தெரியாத பொடி இன்னும் மோசம்: எஸ்ஜிபிடி ஏறினால் வைரஸாலா பொடியாலா என்று பிரிக்க முடியாது. களி, கறி எதற்கும் தடையில்லை. சாராயம் மட்டும் அறவே கூடாது.

வீட்டில் தனித்தட்டு வேண்டுமா? (அரூர்)

வேண்டாம். பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் தனியாக இருக்கட்டும். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாய் எல்லோருக்கும் பரிசோதனை. தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் தடுப்பூசி. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரித்துவிட்டுத் தனியார் லேபுக்குப் பணம் கட்டுங்கள்.