வானத்தில் வரிசையாகப் போன விளக்குகள் பறக்கும் தட்டா?

கேள்வி: சாயங்காலம் ஏழு மணி வாக்கில் மொட்டை மாடியில் இருந்தோம். இருபது முப்பது விளக்குகள் ஒரே நேர்கோட்டில், சத்தமே இல்லாமல் வானத்தில் நகர்ந்து போயின. பாதி வானம் தாண்டியதும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. வீடியோவும் இருக்கிறது. இது பறக்கும் தட்டு இல்லையென்றால் வேறு என்ன?

பதில்:

ஸ்டார்லிங்க். இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் என்கிற அமெரிக்க ராக்கெட் நிறுவனம் கொத்துக் கொத்தாக ஏவுகிற செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றாக அணைந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு விவரம் போதும். வீடியோவைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

செயற்கைக்கோளில் நம் கண்ணுக்குத் தெரியும்படி விளக்கு எதுவும் கிடையாது. நமக்கு ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது, ஆனால் தரையிலிருந்து 300 கிலோமீட்டர் உயரத்தில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் சூரியத் தகடுகளிலும் உலோக உடம்பிலும் பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். பூமியின் நிழலுக்குள் நுழைந்தவுடன் அது கண்ணிலிருந்து போய்விடுகிறது. எல்லாம் ஒரே பாதையில் வருவதால், ஒன்று மறைந்த இடத்திலேயே அடுத்ததும் மறையும். நீங்கள் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மாலையில் பூமியின் நிழல் கிழக்கே கிடப்பதால், பெரும்பாலும் கிழக்குப் பக்கம் போகும்போதுதான் அணையும். பைனாகுலரில் பார்த்தால் மறைவதற்குச் சற்று முன் லேசாகச் சிவப்பதும் தெரியும். அஸ்தமனச் சூரியன் சிவப்பதற்கான அதே காரணம்தான்.

சத்தம் வராததற்கு விளக்கமே தேவையில்லை. அந்த உயரத்திலிருந்து ஒலியைச் சுமந்து வரும் அளவுக்குக் காற்று இல்லை.

முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 2019 மே மாதக் கடைசியில் ஏவப்பட்டன. மறுநாளே நெதர்லாந்தில் மார்கோ லாங்ப்ரூக் என்கிற செயற்கைக்கோள் கண்காணிப்பாளர், அவை எந்தப் பாதையில் வரும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்து படம் பிடித்தார். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒரு வரிசை. விஷயம் தெரியாத மற்றவர்களோ, அங்கே பறக்கும் தட்டுப் புகார்களைப் பதிவுசெய்யும் தளத்துக்கு நூறு பேருக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். நம் நாட்டிலும் 2021 டிசம்பரில் பஞ்சாபின் பதான்கோட் பக்கமும், 2022 செப்டம்பரில் லக்னோ பக்கமும் இதே காட்சி, இதே பரபரப்பு. நம் டிவிக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ‘மர்ம ஒளி’ என்று போட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி.

இந்த வரிசை ஏவிய சில நாட்களுக்குத்தான் இப்படித் தெரியும். அப்புறம் ஒவ்வொன்றும் இன்னும் உயரத்துக்கு ஏறி, இடைவெளி விட்டுப் பிரிந்துவிடும். வானியலாளர்கள் சத்தம் போட்டதால் 2020 முதல் கறுப்புப் பூச்சு, வெயில் மறைப்பு என்று வெளிச்சத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

சரி, வரிசையாக வராமல் ஒற்றையாக வந்தால்? மிகவும் பிரகாசமாக, நிதானமாக, சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்கே நாலைந்து நிமிடம் போனால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். சில விநாடிக்கு ஒரு தரம் பளிச்சென்று மின்னி மங்கினால், உருண்டுகொண்டே சுற்றுகிற பழைய ராக்கெட் பாகம். சிவப்பும் பச்சையும் கலந்து சிமிட்டினால் விமானம்.

எனக்கு இதில் சுவாரஸ்யமான இடம் வேறு. பார்த்தவர்கள் பொய் சொல்வதில்லை. விளக்கு உண்மை, திசை உண்மை, நேரம் உண்மை. ஆனால் அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லும்போது கண் பார்த்ததைச் சொல்வதில்லை, மனசு நிரப்பியதைச் சொல்கிறது. இருட்டு வானத்தில் அளவுகோலாக வைத்துக்கொள்ள ஒரு மரமோ கோபுரமோ கிடையாது.

இதற்கு 1996 டிசம்பர் 11-ஆம் தேதி இரவு கனடாவின் யூகான் பகுதியில் நடந்ததைத்தான் நான் எப்போதும் சொல்வேன். கிளாண்டைக் நெடுஞ்சாலையில் பல ஊர்களில் பலர், பிரம்மாண்டமான ஒரு கலத்தைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாக விளக்குகள், விளையாட்டு மைதானத்தை விடப் பெரிய உடம்பு, மெதுவாகத் தலைக்கு மேல் நகர்ந்தது என்றார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் வரைந்த படங்கள்கூட ஒத்துப்போயின. கனடாவின் மிக வலுவான பறக்கும் தட்டுச் சம்பவம் என்று அதைப் பல வருடம் கொண்டாடினார்கள். 2012-ல் டொரன்டோவைச் சேர்ந்த செயற்கைக்கோள் கண்காணிப்பாளர் டெட் மோல்சன் பழைய சுற்றுப்பாதைக் கணக்குகளைத் தோண்டினார். அன்றைக்குத்தான் ரஷ்யா காஸ்மாஸ் 2335 செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அதன் ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் வளிமண்டலத்துக்குள் விழுந்து, துண்டு துண்டாக எரிந்தபடி, அதே நேரத்தில் யூகான் வானத்தைக் கடந்திருக்கிறது.

எரிந்த துண்டுகள் தனித்தனி. அவற்றுக்கு நடுவே இருந்தது வெறும் வானம். அந்த இருட்டைத்தான் பார்த்தவர்களின் மூளை ஒரு கப்பலின் உடம்பாக ஆக்கிவிட்டது. துண்டுகள் ஜன்னல்களாகிவிட்டன. 1968 மார்ச் 3-ஆம் தேதி சோவியத் யூனியனின் சோண்ட் 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் பாகங்கள் அமெரிக்க வானத்தில் எரிந்தபோதும் ஜன்னல் வைத்த சுருட்டு வடிவக் கலத்தைச் சிலர் பார்த்தார்கள். எரிகல் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும், ராக்கெட் பாகமோ சாவகாசமாக ஒரு நிமிடத்துக்கும் மேல் எரிந்துகொண்டே போகும். அதனால்தான் கதை கட்ட நேரம் கிடைக்கிறது. 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் மக்கள் பார்த்த தீக்கோடுகள் சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது.

‘படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்’ என்று யாராவது கருத்துப் போடுவதற்கு முன் லடாக்கையும் சொல்லிவிடுகிறேன். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை சீன எல்லையில் நம் ராணுவம் 300 தடவைக்கும் மேல் மர்ம ஒளிகளைக் குறித்துவைத்தது. சீனாவின் உளவு ட்ரோனோ என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். நம் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியை வைத்திருக்கிறார்களே, அதே நிறுவனம்தான். அவர்கள் பார்த்துவிட்டு, ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி என்றார்கள். அந்த ஜவான்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அங்கே காற்று மெல்லியது, கிரகங்கள் நாம் பார்ப்பதை விட அதிகமாக ஜொலிக்கும். எல்லையில் நிற்பவன் சந்தேகப்படத்தான் வேண்டும்.

விமானிகளும் விதிவிலக்கு இல்லை. 2022-லிருந்து அடிவானத்தை ஒட்டி விளக்குகள் தோன்றி மறைவதாக அவர்கள் நிறையப் புகார் செய்தார்கள். சூரியன் அடிவானத்துக்கு வெகு கீழே இருக்கும்போது, அதே திசையில் தாழ்வாக வருகிற ஸ்டார்லிங்க் தகடுகள் சட்டென்று ஒளிர்வதுதான் அவற்றில் பலவற்றுக்குக் காரணம். இத்தகைய புகார்களை ஆராய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்தும் அலுவலகம் 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், வந்த 757 புகார்களில் ஸ்டார்லிங்கை வேறெதுவோ என்று நினைத்தவை கூடிக்கொண்டே போவதாகச் சொல்கிறது. 21 சம்பவங்களை இன்னும் ஆராய வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அவை என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

கடைசியாக உங்கள் வீடியோ. செல்போனில் இருட்டில் பெரிதாக்கி எடுத்தால் ஃபோகஸ் தவறி, புள்ளி வட்டத் தட்டாக விரியும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ‘சுழலும் தட்டு’ வீடியோக்களில் பல இந்த ரகம். அடுத்த தடவை ஜூம் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக் கூரையோ தென்னையோ படத்தில் விழும்படி போனைச் சுவரில் சாய்த்துவைத்து எடுங்கள். நேரத்தை நிமிடக் கணக்கோடும், எந்தத் திசையில் தோன்றி எங்கே மறைந்தது என்பதையும் எழுதிவையுங்கள். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் உங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்தால் அந்த நேரத்தில் என்னென்ன கடந்தது என்று வந்துவிடும். அங்கே எதுவும் பொருந்தவில்லை என்றால் தேதியும் நேரமும் போட்டு இங்கே கருத்தில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.