மனிதாபிமானப் பணியில் இறங்க ஆட்களைத் தூண்டுவது எது?

மனிதாபிமானப் பணி எப்படித் தொடங்கியது, ஆட்கள் ஏன் அதில் இறங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரன். எனக்குத் தெரிந்த பதில் 1995 ஒக்டோபர் 30 இரவில்தான் தொடங்குகிறது.

அன்று போரால் மானிப்பாயும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமமே வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் சைக்கிளில் அரிசி மூட்டைக்கு மேல் இருந்தேன். மீசாலையில் ஒரு ஆச்சி படலையைத் திறந்துவிட்டு நின்றார். முன்பின் தெரியாதவர். அவரது வளவில் பதினொரு குடும்பங்கள் தங்கினோம். கிணறு ஒன்றுதான், ஆட்கள் அள்ள அள்ளக் கலங்கிவிடும். அதனால் ஆச்சி விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி, கைக்குழந்தை உள்ளவர்களுக்கென்று தெளிந்த தண்ணீரை முதலில் அள்ளி மூடி வைப்பார். அம்மா காசு நீட்டியபோது, "வைச்சிரு பிள்ளை, பால்மா வாங்கு" என்றார். ஏன் எங்களுக்காக இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "மழைக்குள்ள நிண்டனீங்களெல்லே" என்றார். வேறு காரணம் அவர் சொல்லவில்லை.

செஞ்சிலுவை இயக்கம் உருவாகக் காரணமான ஹென்றி டுனான்ட் பற்றி வாசித்தபோது இந்த ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். 1859 யூன் 24, இத்தாலியில் சொல்ஃபெரினோ போர். டுனான்ட் அந்தப் பக்கம் போனது சேவைக்கல்ல; அல்ஜீரியாவில் இருந்த தன் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க. பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் காயக்காரர் குவிந்து கிடந்தார்கள். ஊர்ப் பெண்கள் எந்தப் படையாள் என்று பாராமல், "எல்லாரும் சகோதரர்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்தார். அந்த இரக்கத்தை நாடுகள் கையெழுத்திடும் விதியாக்க அலைந்தார். 1863இல் செஞ்சிலுவைக் குழு, அடுத்த வருடமே போரில் காயப்பட்டவரைக் காக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கை.

விதி ஏன் வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு நன்றாகத் தெரியும். 1987 ஒக்டோபரில் எங்கள் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே டொக்டர்களும் தாதிமாரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990இல் அதே ஆஸ்பத்திரி செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் வந்தது. அதற்குச் சண்டை பிடித்த இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டியிருந்தது. துவக்கோடு நிற்பவனிடம் போய்ப் பேசுவதும் இந்தப் பணியில் ஒரு பாதி.

சரி, நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமா? டொக்டர் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்தார். மதம் பரப்புவதும் அவர் நோக்கம், அதை அவர் மறைக்கவில்லை. அந்த நோக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கள் பெடியளைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். மானிப்பாயில் அவர் பெயரில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் என் தங்கச்சி பிறந்தாள்.

2004இல் வடமராட்சி கிழக்கைக் கடல் அள்ளியது என்று கேட்டதும் அம்மா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய பானையை எடுத்து உலை வைத்தார். தங்கச்சியும் நானும் விடியும்வரை சோற்றுப் பார்சல் கட்டினோம்.