பாட்டி வீட்டுக் கரி பாய்லர்: முதலில் சுவரா, ஹீட் பம்பா?

கேள்வி: என் மனைவி போலந்துக்காரர். அவருடைய பாட்டியின் வீடு இப்போது எங்களுக்கு வந்திருக்கிறது. கிராகோவுக்குப் பக்கத்தில் ஸ்காவினா அருகே, 1974-இல் கட்டிய இரண்டு தள வீடு. நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி பாய்லர். பாட்டி வருடத்துக்கு 6 டன் கரி எரித்திருக்கிறார். விலை கேட்கப் போன இடத்தில் 16 கிலோவாட் ஹீட் பம்ப் போடச் சொல்கிறார்கள். மச்சான் முதலில் சோலார் போடு என்கிறார். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். எதை முதலில் செய்வது? வார்சாவில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் நண்பரும் இதையேதான் கேட்கிறார்.

பதில்: முதலில் சுவரையும் கூரையையும் வெப்பம் கசியாதபடி மூடுவது. ஹீட் பம்ப், அதாவது வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி, அதற்கு அப்புறம். சோலார் கடைசி. வரிசை இதுதான். ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் இதில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் வீட்டைப் பார்க்காமலேயே எனக்கு அது தெரியும். தட்டைக் கூரை, சதுரப் பெட்டி மாதிரி வடிவம். போலந்தில் இதற்கு ‘கோஸ்த்கா’ என்றே பெயர், கனசதுரம் என்று பொருள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாடு முழுக்க இப்படிக் கட்டித் தள்ளினார்கள். சிமென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் கரிச்சாம்பல் கலந்த ஹாலோ பிளாக்கில்தான் நிறைய சுவர்கள் எழும்பின. கரியோ மலிவு, சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு வீட்டுக்கே கரி வரும். அடுக்குமாடிகளில் வெப்பத்துக்கு மீட்டரே கிடையாது, சதுர மீட்டர் கணக்கில்தான் கட்டணம். வெப்பம் சுவர் வழியே போனால் போகட்டும் என்று விட்டது யாருடைய அசட்டையும் அல்ல, அன்றைய விலை அப்படி. ஒரு சதுர மீட்டர் சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதுதான் யு-மதிப்பு. அன்றைய சுவர்களுக்கு அது 1.2-ஐ ஒட்டி இருக்கும். இன்றைய போலந்துச் சட்டம் புதுச் சுவருக்கு அனுமதிப்பது 0.20 மட்டுமே.

இதை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிச்சுவர் 180 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராகோவ் பகுதிக்குப் பொறியாளர்கள் கணக்குப் போடும் குளிர் மைனஸ் 20. உள்ளே 20. வித்தியாசம் 40 டிகிரி. சுவர் வழியாக மட்டும் 8,600 வாட் வெளியே போகிறது. அதே சுவரில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தெர்மோகோல் ஒட்டி 0.20-க்குக் கொண்டுவந்தால் 1,440 வாட். கூரை, ஜன்னல், காற்றோட்டம், நிலவறை எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு மொத்தம் 17 கிலோவாட் பக்கம் வரும். அந்த 16 கிலோவாட் பம்ப் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் பொருத்துகிற கணக்கு அது. சுவரையும் கூரையையும் மூடினால் தேவை 7 கிலோவாட் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

பாட்டியின் 6 டன்னையும் வீணாக்க வேண்டாம், அதுவும் ஒரு நல்ல தணிக்கைதான். ஒரு கிலோ நல்ல கரியில் சுமார் 7 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். பழைய பாய்லர் அதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வீட்டுக்குத் தரும், மீதி புகைபோக்கியில். ஆக, வருடத்துக்குச் சுமார் 26,000 யூனிட் வெப்பம். சுவரைத் தொடாமல் ஹீட் பம்ப் வைத்தால், அது சூடான தண்ணீரைத் தள்ளியே ஆக வேண்டும், அதனால் 1 யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தந்தாலே நல்லது. வருடத்துக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். யூனிட்டுக்கு ஒரு ஸ்வோட்டி (போலந்து நாணயம்) என்று வைத்தால் 10,000 ஸ்வோட்டி பில். சுவர், கூரை முடித்த பிறகு வெப்பத் தேவை பாதிக்கும் கீழே போகிறது, பம்பின் திறனும் மூன்றைத் தாண்டுகிறது. மின்சாரம் 3,000 சொச்சம் யூனிட். சில வருடங்களுக்கு முன் போலந்தில் பலர் பம்ப் வைத்துவிட்டு பில்லைப் பார்த்து நடுங்கினார்கள். அதில் பல வீடுகளில் பம்பின் மேல் குற்றமே இல்லை. சுவரை மூடாத வீட்டில் வைத்ததுதான் குற்றம்.

சுவரைவிடவும் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன். கோஸ்த்கா வீடுகளில் பலவற்றில் மேல்தளக் கூரைக்கும் வெளிக் கூரைக்கும் நடுவே அரை ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு காலி இடம் இருக்கும், வெளிச்சுவரில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகளோடு. அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு கைப்பிடிக் கரிச்சாம்பல் அல்லது மரத்தூள் மட்டும் கிடக்கும். அந்த இடத்துக்குள் காகித நாரையோ கண்ணாடி நாரையோ குழாய் வைத்து 25–30 சென்டிமீட்டருக்கு ஊதிவிடலாம். ஒரே நாள் வேலை. சாரம் வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, இல்லாவிட்டால் ஈரம் தங்கிக் கூரையையே தின்றுவிடும். மொத்த வேலையில் போட்ட காசு சீக்கிரம் திரும்புவது இதில்தான்.

அறைகளில் சுடுதண்ணீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டர்களை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பாட்டி வீட்டில் இருப்பது வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்றால், அது 90 டிகிரித் தண்ணீர் ஓடும் காலத்துக் கணக்கில் பெரிதாக வைத்தது. வீட்டின் தேவை பாதிக்கும் கீழே இறங்கிய பிறகு, அதே ரேடியேட்டருக்கு மைனஸ் 20-லும் 50 டிகிரி சொச்சம் தண்ணீர் போதும். வெளியே பூஜ்யம் இருக்கும் சாதாரணக் குளிர்கால நாளில் 40 டிகிரியை ஒட்டி ஓடும். ஹீட் பம்புக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. தண்ணீர் எவ்வளவு மிதமாக இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். சுவரில் ஒட்டும் தெர்மோகோல் பழைய ரேடியேட்டரையும் புதிதாக்கிவிடுகிறது என்பதைப் பம்ப் விற்பவர் சொல்ல மாட்டார்.

பம்ப் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: வெளியே மைனஸ் 15-ல், தண்ணீர் 55 டிகிரியில், இது எத்தனை கிலோவாட் தரும்? விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் வெளியே பிளஸ் 7, தண்ணீர் 35 என்ற சொகுசு நிலைக்கானது. ஜனவரி இரவில் அது குறையும். அதற்காக மைனஸ் 20-க்கும் பம்பே முழுதாகப் போதும் என்று வாங்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரம் வருடத்தில் சொற்பம், பம்போடு சேர்ந்து வரும் மின்கம்பி ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். தேவைக்கு மேல் பெரிய பம்ப் மிதமான நாளில் நின்று நின்று ஓடிக் கம்ப்ரஸரைத் தேய்க்கும்.

இப்போது அந்தச் சட்ட முடிச்சு. கிராகோவ் நகருக்குள் 2019 செப்டம்பர் 1 முதல் கரி, விறகு இரண்டுமே தடை. நீங்கள் இருப்பது நகருக்கு வெளியே, அதனால் மவோபோல்ஸ்கா மாகாணத்தின் புகைப்பனி எதிர்ப்புத் தீர்மானம் உங்களுக்குப் பொருந்தும். பாய்லரில் ஒட்டிய தகடைப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக எரிகிறது என்பதற்கான வகுப்பு எண் அதில் இருக்கும். 3 அல்லது 4-ஆம் வகுப்பு என்றிருந்தால் 2026 இறுதிவரை காலம் உண்டு. வகுப்பே இல்லாத பழைய பாய்லர் என்றால், 2024 மே முதலே அதை எரிக்க அனுமதி இல்லை, 5,000 ஸ்வோட்டிவரை அபராதம் வரலாம். இந்தப் பாய்லர்களுக்கு போலந்துக்காரர்கள் வைத்த பெயர் ‘கொப்சூக்’, புகைக்கரி கக்குவது என்ற அர்த்தத்தில். ஜனவரி மாலையில் காற்று அசையாமல் நிற்கும் ஸ்காவினாத் தெருவில் நடந்தால் தொண்டையில் படியும் அந்தக் கரிப்புதான் அது. அதில் இருக்கும் பென்சோபைரீன் புற்றுநோய் தருவது. உங்கள் குழந்தைகள் மூச்சுவிடப் போவதும் அந்தக் காற்றைத்தான். ஆகவே அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

தகடு இல்லாத பாய்லர் என்றால் காத்திருக்க வழியில்லை. அப்போது என் ஆலோசனை: கூரையில் ஊதும் வேலையை உடனே முடியுங்கள். பம்பை வாங்குங்கள், ஆனால் சுவர் மூடிய பிறகு வரப்போகும் 7 கிலோவாட் கணக்குக்கு. முதல் குளிர்காலத்தில் மின்கம்பி ஹீட்டர் நிறைய ஓடும், பில் கடிக்கும், மேல்தளத்தை மிதமாக வைத்துச் சமாளியுங்கள். அடுத்த கோடையில் சுவர். இன்றைய ஓட்டைக்கு ஏற்ற 16 கிலோவாட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது இருபது வருடம் உங்களோடு இருக்கும்.

பணத்துக்கு ‘சுத்தமான காற்று’ என்ற அரசுத் திட்டம் 2018-இலிருந்து இருக்கிறது. 2024 நவம்பரில் நிறுத்தி, 2025 மார்ச் இறுதியில் புது விதிகளோடு திறந்தார்கள். இப்போது ஆற்றல் தணிக்கை, அதாவது வீடு எங்கே எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வு, கட்டாயம். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள், எனக்கு இது சரியாகவே படுகிறது. சுவரை மூடாமல் பம்ப் வைக்கும் தவறை இதுதான் தடுக்கும். சாதாரண வருமானப் பிரிவில் வரி நீங்கலான செலவில் 40 சதவீதம்வரை கிடைக்கும். விண்ணப்பம் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். இது தவிர, வெப்பக் காப்புச் செலவுக்கு வருமானத்திலிருந்து ஒருவருக்கு 53,000 ஸ்வோட்டிவரை கழித்துக்கொள்ளலாம். வீடு இருவர் பேரிலும் இருந்தால் இருவருக்கும் தனித்தனியாக. மானியமாக வந்த தொகையை இதில் காட்டக் கூடாது.

மச்சானிடம் சொல்லுங்கள், சோலார் நல்லதுதான், ஆனால் குளிருக்கு அது துணை வராது. போலந்தில் டிசம்பர் மாதம் தருவது வருட உற்பத்தியில் 2–3 சதவீதம்தான். 2022 ஏப்ரலுக்குப் பிறகு சோலாரை மின்வலையில் இணைத்தவர்கள் கோடையில் அதற்குக் கொடுத்த யூனிட்டைக் குளிர்காலத்தில் யூனிட்டாகத் திரும்ப வாங்கவும் முடியாது, அன்றைய சந்தை விலைக்குத்தான் கணக்கு.

வார்சா நண்பரின் கதை வேறு. பெரிய கான்கிரீட் பலகைகளைக் கோத்துக் கட்டிய அந்தக் குடியிருப்புகளுக்கு வெப்பம் நகரக் குழாயில் வருகிறது. வார்சாவின் அந்த வலையமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகப் பெரியது. அவர் தனியாக ஹீட் பம்ப் வைக்க நினைப்பதில் பொருளில்லை. கட்டடம் முழுவதற்கும் காப்பு போட்டாகிவிட்டதா, எல்லா வீட்டுக்கும் வெப்பம் சமமாகப் போகும்படி நிலவறையில் குழாய்களைச் சமன்படுத்தினார்களா என்று கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கேட்பதுதான் அவர் செய்ய வேண்டியது. தன் ரேடியேட்டரை முழுதாக மூடிவைத்தால் பக்கத்து வீட்டு வெப்பத்தைத்தான் வாங்குவார், மூலையில் பூஞ்சை வேறு வரும். குழாயில் வரும் வெப்பம் கரியிலிருந்து மாறுவது நகரத்தின் வேலை. முடியாத வேலையும் அல்ல: லித்துவேனியா ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த தன் நகர வெப்பத்தை மரச்சில்லுக்கு மாற்றியது, இன்று அங்கே பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது.

கடைசியாக, காற்று. சுவர் மூடி, ஜன்னல் இறுகிய பிறகு வீட்டுக்குள் ஈரம் எங்கும் போகாது. நம் வீடுகளில் சாதம் வடிப்பதும் சாம்பார் கொதிப்பதும் சேர்ந்தால் சமையலறைக் கண்ணாடியில் தண்ணீர் வழியும், பத்து நாளில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. சுவரின் மேல்மூலையில் இருக்கும் காற்றோட்டக் கிரில்லைக் குளிருக்குப் பயந்து அட்டையால் அடைத்திருப்பார்கள், பாட்டி வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கரி பாய்லர் எரியும்வரை இது பூஞ்சைப் பிரச்சினை மட்டும் அல்ல: காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஒவ்வொரு குளிர்காலமும் போலந்தில் உயிர்களைக் கொண்டுபோகிறது. தணிக்கையாளருக்குப் போன் செய்வதற்கு முன்னால் அதற்கான அலாரம் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பாய்லர் அறை வாசலிலும் இன்னொன்றை நீங்கள் தூங்கும் தளத்திலும் மாட்டிவிடுங்கள்.