காரில் ஒட்டிய பிலிம் மஞ்சளாகிவிட்டது: வாரண்டியை மறுக்கும் கடை மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: புதிதாக வாங்கிய என் வெள்ளைக் காருக்கு, பெயிண்டைக் காப்பதற்கான நிறமற்ற பிலிம் ஒட்டினேன். "டி.பி.யூ. பிலிம், 200 மைக்ரான், கீறல் விழுந்தால் தானாக மறையும், 10 ஆண்டு வாரண்டி" என்று கடைக்காரர் சொன்னார். ஒரு மாதிரித் துண்டை இழுத்தும் காட்டினார். 14 மாதங்களில் பானெட்டும் கூரையும் மஞ்சளாகிவிட்டன. கதவு ஓரங்களில் பிலிம் எழும்பி நிற்கிறது. அதன் அடியில் பெயிண்டில் பிளேடு கிழித்த கோடு தெரிகிறது. கேட்டால், "வெயிலில் நிறுத்தினால் வாரண்டி கிடையாது" என்கிறார். வாரண்டி அட்டையின் எண்ணைப் பிலிம் நிறுவனத்துக்கு அனுப்பினேன்; அப்படி ஓர் எண்ணே பதிவாகவில்லை என்று பதில் வந்தது. பில்லில் "கார் பிலிம் வேலை" என்று மட்டுமே இருக்கிறது. பிலிமை உரித்துவிட்டு வழக்குத் தொடரலாமா? என் தம்பியும் தன் காருக்கு இதே போன்ற பிலிம் ஒட்டப்போகிறான். அவன் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: வழக்குத் தொடரலாம். ஆனால் பிலிமை இப்போது உரிக்காதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சியே அதுதான்.

வழக்கு வந்தவுடன் கடைக்காரர் என்ன சொல்வார் என்பதை இப்போதே ஊகிக்கலாம். "பெயிண்ட்தான் மங்கியது, பிலிம் நன்றாகத்தான் இருந்தது", "கண்ட ரசாயனத்தால் கழுவியிருக்கிறார்", "ஓரத்தை அவரே பிய்த்தார்" என்பார். எழும்பி நிற்கும் ஓரத்தின் அடியில் பெயிண்ட் வெள்ளையாகவும் அதன் மேல் பிலிம் மஞ்சளாகவும் ஒரே படத்தில் தெரிந்தால், இவற்றில் முதல் வாதம் அங்கேயே விழுந்துவிடும். உரித்துக் குப்பையில் போட்டபின் அந்தப் படத்தை யாராலும் எடுக்க முடியாது. பகல் வெளிச்சத்தில், பிலிம் ஒட்டாத கதவுச் சட்டத்தின் உள்பக்கத்தையும் சேர்த்து, தேதி தெரியும்படி படங்கள் எடுத்து வையுங்கள்.

கெட்டுப்போன பிலிமை நீண்ட காலம் விட்டுவைத்தால் அது இறுகி, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும் என்பதும் உண்மை. அதனால் சில பகுதிகளை உரித்தே தீரவேண்டும் என்றால், எந்த நாளில், எங்கே, யாரைக் கொண்டு உரிக்கப்போகிறீர்கள் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, அவரையும் வரச்சொல்லுங்கள். வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்களுக்குத் துணை நிற்கும். உரிப்பதை இடைவெளியின்றிக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். உரித்த துண்டுகளை, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று எழுதி உறையிலிட்டு வையுங்கள். கூரையை மட்டுமாவது தொடாமல் விடுங்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பார்க்க விரும்பினால் காட்டுவதற்கு அது வேண்டும்.

பிலிம் ஏன் மஞ்சளானது என்ற கேள்விதான் வழக்கின் மையம். இந்த வகைப் பிலிம்களில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று டி.பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன்; மற்றொன்று பி.வி.சி. டி.பி.யூ. பிலிமை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். பி.வி.சி. அப்படித் திரும்பாது, காலப்போக்கில் இறுகி வெடிக்கும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும். டி.பி.யூ.விலும் தரம் குறைந்த ஒரு வகை புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகக்கூடியது. ஒட்டும் பசை தரமற்றதாக இருந்தாலும் நிறம் மாறும். கடைக்காரர் இழுத்துக் காட்டிய மாதிரி ஒன்றாகவும், உங்கள் காரில் ஒட்டியது வேறாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வலுவாகவே எழுகிறது. அப்படி இருந்தால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. மாதிரியைக் காட்டி விற்றால், கொடுத்த பொருள் மாதிரியின் தரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது 17-வது பிரிவு.

இதை நிரூபிக்க வீட்டில் எரித்துப் பார்க்கும் சோதனைகள் எதுவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-வது பிரிவின்படி, சோதனை செய்யாமல் குறையைக் கண்டறிய முடியாது என்ற நிலை வந்தால், ஆணையமே மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில் பி.வி.சி.யையும் பாலியூரித்தேனையும் பிரித்து அறியலாம். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டவேண்டி வரலாம். மனுவோடு சேர்த்தே இந்தச் சோதனையைக் கோரி விண்ணப்பம் கொடுங்கள்.

இனி அந்தப் பிளேடு கோடு. உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கணிப்பில், உங்களிடம் உள்ள மிக வலுவான புகார் அதுதான். காரை வேலைக்காகக் கடையில் விட்ட நேரம் முழுவதும் அது கடைக்காரரின் பொறுப்பில் இருந்தது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ, அதே அக்கறையோடு ஒப்படைக்கப்பட்ட பொருளையும் கவனிக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151-வது பிரிவு. பிலிமைக் காரின் மேல் விரித்து, பெயிண்டின் மீதே பிளேடு வைத்து வெட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கை சற்று அழுந்தினால் மேல்பூச்சு கிழியும். அந்தக் கோட்டின் வழியே நீர் இறங்கினால் பின்னாளில் துருவும் பிடிக்கலாம். பிலிமின் வாரண்டிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாரண்டி செல்லாது என்றே வைத்துக்கொண்டாலும் இந்தச் சேதத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். கார் புதிது என்பதால், ஒப்படைத்தபோது பெயிண்டில் கோடு இல்லை என்று காட்டுவது உங்களுக்கு எளிது. காரை வாங்கிய நாளில் எடுத்த படங்களைத் தேடி எடுங்கள்.

"வெயிலில் நிறுத்தினால் வாரண்டி இல்லை" என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. காரின் வெளிப்புறத்தில் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் பொருள் அது. வெயிலும் மழையும் படும் என்று தெரிந்தேதான் 10 ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். பொருளின் ஆயுளைப் பற்றித் தக்க சோதனையின் அடிப்படையில் அல்லாமல் உத்தரவாதம் கொடுப்பதை, முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் அந்த நிபந்தனை உண்மையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் வாயால் சொல்வதற்குக் காகிதத்தில் ஆதாரமே இருப்பதில்லை. அச்சிடப்பட்டிருந்தாலும், "இது நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதையே தனிப் புகாராக்கி மாவட்ட ஆணையத்துக்குப் போகாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார்களைக் கேட்கும் அதிகாரம் மாநில ஆணையத்தில்தான் தொடங்குகிறது. பொருளில் குறை, சேவையில் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற மூன்றையும் வைத்து மனுவை அமைத்தால் மாவட்ட ஆணையமே போதும்.

வாரண்டி எண் பதிவாகவில்லை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். கடைக்காரர் பதிவு செய்யத் தவறியிருக்கலாம். அல்லது பிலிமே போலியாக இருக்கலாம். இது தெரியாத நிலையில் கடைக்காரரை முதல் எதிர்தரப்பினராகவும், பிலிம் நிறுவனத்தையோ அதன் இறக்குமதியாளரையோ இரண்டாம் எதிர்தரப்பினராகவும் சேர்ப்பதே சரி. நிறுவனம் வந்து "இது எங்கள் பொருள் அல்ல" என்று எழுத்தில் சொன்னால், அந்தப் பதிலே கடைக்காரருக்கு எதிரான ஆவணமாகிவிடும். போலி வணிகக்குறி இட்ட பொருளை விற்பது, வணிகக்குறிகள் சட்டம், 1999-இன் 104-வது பிரிவின்படி குற்றமும்கூட. ஆனால் குற்றப் புகாரை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதில் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போனால் காலம்தான் வீணாகும்.

பில்லில் விவரம் இல்லாதது பலவீனம்தான், ஆனால் வழக்கை அது முடித்துவிடாது. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அவருடைய விளம்பரம், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, வாரண்டி அட்டை எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்பும். செல்பேசியில் உள்ளவற்றைத் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தரவேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. "14 மாதங்களுக்கு முன் நீங்கள் ஒட்டிய டி.பி.யூ. பிலிம் மஞ்சளாகிவிட்டது, எப்போது வந்து பார்ப்பீர்கள்?" என்று இப்போது ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் "டி.பி.யூ. என்று நான் சொல்லவே இல்லை" என்று மறுக்காமல் வேறு ஏதாவது சமாதானம் சொன்னால், அந்த மௌனமும் பேசும்.

இதன் பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டப்படி அது கட்டாயமில்லை; ஆனாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து, விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்பினால் சில கடைக்காரர்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருவார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

காலவரம்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மஞ்சள் நிறத்தை முதன்முதலில் கவனித்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். கடை மறுத்த நாளிலிருந்து என்று தாராளமாகக் கணக்கிட வேண்டாம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அவர் இழுத்தடிப்பதால் கடிகாரம் நின்றுவிடாது.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் தடையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலம் ஆகும் என்ற மனத்தயாரிப்போடு இறங்குங்கள். சமரசத்துக்கு வாய்ப்பு இருந்தால் ஆணையம் இரு தரப்பின் சம்மதத்தோடு அதற்கும் அனுப்பும். போய்ப் பேசிப் பாருங்கள். கோரிக்கையில் பிலிமுக்குக் கொடுத்த தொகை, அதை உரிக்கும் செலவு, கிழிபட்ட பகுதிகளைச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, சரிசெய்யும் செலவுக்கு வேறொரு பணிமனையின் மதிப்பீட்டை இணையுங்கள். அதே கடையில் புதுப் பிலிம் ஒட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பிளேடு இறங்கிய பெயிண்டின் மேல் அதே கை மறுபடியும் வேண்டாம்.

தம்பியின் காருக்கு வருவோம். எந்தப் பிலிம் நல்லது என்று ஒப்பிடுவதில் அவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறாரோ, அவ்வளவு நேரத்தைக் கடையோடு எழுதும் ஒப்பந்தத்திலும் செலவிட வேண்டும். பில்லில் பிலிமின் நிறுவனம், வகைப்பெயர், பொருள் டி.பி.யூ. என்பது, ரோலின் தொகுதி எண், எந்தெந்தப் பகுதிகளில் ஒட்டப்பட்டது ஆகியவை இருக்க வேண்டும். 200 மைக்ரான் என்றால் அது பிலிமின் தடிமனா, பசையும் சேர்ந்த தடிமனா என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒப்பிடும்போது பலர் ஏமாறும் இடம் இது. கீறல் தானாக மறைவது மேற்பூச்சில் விழும் மெல்லிய கோடுகளுக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் பெரும்பாலும் வெப்பம் பட்டால்தான். பிலிமை ஊடுருவிய கிழிசல் மறையாது. கடைக்காரர் அதற்கு மேல் வாக்களித்தால், அந்த வாக்கையும் எழுதித் தரச்சொல்லட்டும்.

பிலிமைக் கணினி வெட்டியில் முன்பே வெட்டி எடுத்து ஒட்டுகிறார்களா, காரின் மேல் வைத்து வெட்டுகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். காரின் ஏதாவது ஒரு பகுதி மறுபூச்சு செய்யப்பட்டதென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட பகுதியில் பிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடக்கூடும். மறைத்திருந்தால் கடையைக் குறைசொல்ல முடியாது. வாரண்டியில் பிலிமுக்கு யார் பொறுப்பு, ஒட்டிய வேலைக்கு யார் பொறுப்பு என்று இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். வாரண்டி எண்ணை, கடையில் நிற்கும்போதே நிறுவனத்திடம் சரிபார்த்துவிட வேண்டும்.

நிறமற்ற பிலிமால் காரின் நிறம் மாறுவதில்லை என்பதால் பதிவுச் சான்றிதழில் திருத்தம் தேவையில்லை. வண்ணப் பிலிம் ஒட்ட ஆசைப்பட்டால், சான்றிதழில் உள்ள நிறத்துக்கும் காருக்கும் முரண்பாடு வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அங்கே குறுக்கிடும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடியில் ஒட்டுவதற்கு முற்றிலும் வேறு விதிகள் உள்ளன. இதே பிலிம்தானே என்று கண்ணாடிக்கும் நீட்டிவிட வேண்டாம்.

காரை எடுக்கப் போகும் நாளில், பணத்தைக் கொடுப்பதற்கு முன் வெளியே வெளிச்சத்தில் நிறுத்தி, ஓரங்களையும் மடிப்புகளையும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்த கடைக்காரருக்கு, கூலி வரும்வரை காரைத் தன்னிடம் நிறுத்தி வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு தருகிறது. அதனால் குறை தெரிந்தால் வாய்ச்சண்டையில் இறங்க வேண்டாம். குறைகளை எழுதி, படம் எடுத்து, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு மீதித் தொகையைக் கொடுத்துக் காரை எடுத்து வரட்டும். திருத்தித் தருவதற்கான தேதியை அதே செய்தியில் கேட்டுவிடலாம்.