மனைவியிடம் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

முழுநேர ஊழியத்துக்குக் கர்த்தர் என்னை அழைப்பதாக இரண்டு வருடமாக உணர்கிறேன். வேலையை விட முடிவு செய்துவிட்டேன். மனைவிதான் அழுகிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். லூக்கா 14:26ஐ வைத்து அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? முதலில் இறையியல் படிக்க வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

படிப்பைப் பற்றி உங்கள் போதகரிடம் கேளுங்கள். 'முடிவு செய்துவிட்டேன்' என்ற இடத்தைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. சில வாரங்களாக நான் வில்லியம் கேரியின் மனைவி டாரதியை நினைத்துக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

கேரியை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி, 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அவர் இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தபோது கர்ப்பிணியாக இருந்த டாரதி வர மறுத்தார். கேரி மூத்த மகனோடு கிளம்பிவிட்டார். பயணம் தடைப்பட்டுத் திரும்பி வந்து மறுபடி கேட்டபோது, கைக்குழந்தையோடு இருந்த டாரதி தன் சகோதரியும் கூட வந்தால் வருவதாகச் சம்மதித்தார். 1793இல் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். டாரதியின் மனம் கலங்கியது. 1807இல் சாகும்வரை தேறவில்லை. கேரியின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் முதல் 'மாட்டேன்' எனக்கு இன்னும் கேட்கிறது.

சரி, உங்கள் வசனத்துக்கு வருகிறேன். யாரையெல்லாம் வெறுக்காவிட்டால் தனக்குச் சீஷனாக முடியாது என்று இயேசு லூக்கா 14:26இல் சொல்கிறார். தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள் என்று போய், 'தன் ஜீவனையும்' என்றுதான் அது முடிகிறது. நீங்கள் மனைவியிலேயே நிறுத்திக்கொண்டீர்கள்! அதே இயேசுதான் மாற்கு 7இல் கொர்பானைப் பற்றிக் கோபப்பட்டார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் விடவில்லை. வீட்டாருக்குச் சேர வேண்டியதை எடுத்து அதற்குத் தேவனுடைய பெயரை வைப்பதுதான் கொர்பான். பணத்துக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்காதீர்கள். மனைவியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், 'கர்த்தர் சொல்லிவிட்டார்' என்று வாயை அடைப்பதும் கொர்பான்தான். பேதுரு தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போனதாக 1 கொரிந்தியர் 9:5 சொல்கிறது. அந்த அம்மாவும் அழைப்புக்குள் இருந்தார்.

என் அப்பாவும் ஊழியக்காரர்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சி சொல்லும்போது, 'என் மனைவி முழுமனதோடு என்னை அனுப்பி வைத்தாள்' என்பார். அந்த வரி வரும்போதெல்லாம் அம்மா வேதாகமத்தைத் திறந்து எதையோ தேடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எந்த வசனம் என்று புரிந்ததே இல்லை. அப்பா இறந்து பல வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன். 'அப்போ யாரையும் பார்க்கப் பிடிக்காதுடா. அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்' என்றார். அதில் கசப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி, உங்கள் அழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அதைச் சுமந்திருக்கிறீர்கள், அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கும் இரண்டு வருடம் கொடுங்கள். ராஜினாமாக் கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். இன்று இரவு பிள்ளைகள் தூங்கினபிறகு, வசனம் எதுவும் சொல்லாமல், எதற்குப் பயப்படுகிறார் என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அப்புறம், அவருக்கு விருப்பமிருந்தால், அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும்.